போர்வை மட்டும் போதாது, 21 டிகிரி வேணும்



குளிர்காலம் தொடங்கினால் எங்கட வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே செய்திதான் சுத்தும்: "சின்னப் பிள்ளைகளுக்கு அளவான விண்டர் கோட், பூட்ஸ், போர்வை இருந்தா தாங்கோ." கொடுக்கிறோம். கொடுக்கத்தான் வேணும். ஆனால் கோட் வெளியில் போடுவதற்கு. வீட்டுக்குள்ளே ஒரு குழந்தை கோட்டோடு படுக்க வேண்டி வந்தால், அங்கே குறைவது துணி இல்லை, வீடு.

செயின்ட்-மிஷேலைப் பாருங்கள். மொன்றியலின் கட்டடங்களுக்குச் சுண்ணாம்புக் கல் கொடுத்த மிரோன் குவாரி இங்கேதான் இருந்தது. 1968 முதல் அந்தக் குழியில் நகரத்தின் குப்பையைக் கொட்டினார்கள், ஏறக்குறைய 4 கோடி தொன். இன்றும் நகரம் அள்ளும் ஸ்னோவில் பெரும் பங்கை இதே பகுதியின் ஃபிரான்கோன் குவாரியில்தான் கொட்டுகிறார்கள். குப்பையிலிருந்து வரும் வாயுவை எரித்து மின்சாரம் எடுக்க 1996-இல் காஸ்மோன் நிலையம் வந்தது. 2004-இல் திறந்த டோஹு சர்க்கஸ் அரங்கை அந்த நிலையத்தின் சுடுநீரால் சூடாக்க ஏற்பாடு செய்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கேள்வி இதுதான்: குப்பையிலிருந்து அரங்கத்துக்குச் சூடு கொண்டுபோகத் தெரிந்த ஊரில், தெருவுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் ஏன் குளிரில் கிடக்கிறார்கள்?

"கியூபெக்கில கரண்ட் மலிவுதானே" என்று சொல்வார்கள். ஒரு யூனிற்றின் விலை மலிவுதான். ஆனால் வீட்டுக் கட்டணத்தில் நாளுக்கு முதல் 40 கிலோவாட் மணிக்கு ஒரு விலை, அதைத் தாண்டினால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பழைய வீட்டில், சுவரடியில் ஓடும் மின் ஹீற்றரை நம்பி ஜனவரியில் இருப்பவர்களுக்கு அந்த 40 எந்த மூலைக்கு? இன்சுலேஷன் இல்லாத சுவர், காற்று புகும் ஜன்னல். வருமானம் குறைந்த குடும்பம் உயர்ந்த விலையில் மின்சாரம் வாங்கித் தெருவைச் சூடாக்குகிறது.

வீட்டுக்காரருக்கு இதில் நட்டம் இல்லை. லீஸ் படிவத்தில் சூடாக்கும் செலவு யாருடையது என்று ஒரு கட்டம் இருக்கும். "வாடகைக்கு இருப்பவர்" என்று அதில் அடையாளம் போட்ட நிமிடமே, சுவரைத் திருத்தும் தேவை அவருக்கு இல்லாமல் போய்விடுகிறது. சுவர் அவருடையது, பில் எங்களுடையது.

அதனால் குடும்பங்கள் தாங்களே வழி தேடுகின்றன. ஒரு அறையைப் பூட்டிவிட்டு எல்லாரும் ஒரே அறையில் படுப்பது, ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் ஒட்டுவது, சில இடங்களில் அவன் கதவைத் திறந்து வைப்பது. கடைசியாகச் சொன்னது உயிருக்கே ஆபத்து. குளிரும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சணம். இங்கிலாந்தில் 2011-இல் வந்த மார்மட் குழுவின் அறிக்கை, குளிர்ந்த வீட்டில் வளரும் பிள்ளைகளுக்குச் சுவாசப் பிரச்சினை வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்றது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. அறைகளில் 21 டிகிரியைத் தக்கவைக்கக்கூடிய ஹீற்றர் இருக்க வேண்டும், ஜன்னல் கதவு வழியாகக் காற்றும் பனியும் உள்ளே வரக்கூடாது என்று மொன்றியல் நகர விதி சொல்கிறது. 311-க்கு அடித்து இன்ஸ்பெக்டரைக் கேட்கலாம். ஹீற்றர் வேலை செய்யாவிட்டால் வாடகைத் தீர்ப்பாயம் அதை அவசர வழக்காக எடுக்கும். டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, பில் கட்டவில்லை என்று ஹைட்ரோ-கியூபெக் வீட்டு மின்சாரத்தை வெட்ட முடியாது. ஆனால் கடன் ஏப்ரலில் வாசலில் நிற்கும்.

ஓட்டை எங்கே என்றால், விதி ஹீற்றரின் பலத்தைப் பார்க்கிறது, பில்லைப் பார்க்கவில்லை. "ஹீற்றர் வேலை செய்யுது, கூட்டி வையுங்கோ" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போகலாம். நியூசிலாந்து இந்த இடத்தில் ஒரு படி தாண்டியது. 2019 ஜூலை 1 முதல், போடக்கூடிய வாடகை வீடுகளில் எல்லாம் கூரைக்கும் தரைக்கும் இன்சுலேஷன் கட்டாயம். போட வேண்டியது வீட்டுக்காரர்.

இங்கேயும் அதைத்தான் கேட்க வேண்டும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. பெரிய திருத்த வேலை செய்தால் அந்தச் செலவின் ஒரு பகுதியை வாடகையில் ஏற்றலாம். திருத்த வேலையைச் சாட்டி ஆட்களை எழுப்புவதும் மொன்றியலுக்குப் புதிதல்ல. வீடு சூடாகி, அதில் இருந்த குடும்பம் வெளியே போனால் யாருக்கு லாபம்? ஆகவே பொதுப் பணத்தில் இன்சுலேஷன் போடும் வீட்டில் வாடகை ஏறக்கூடாது, யாரையும் எழுப்பக்கூடாது. பணம் இல்லை என்று சொல்ல வேண்டாம். 2022-இல் ஹைட்ரோ-கியூபெக்கின் லாபம் 450 கோடி டாலருக்கும் மேல். அது மக்களின் நிறுவனம்.

அதுவரை எங்களால் செய்யக்கூடியது இருக்கு. "ஏன் வீண் பிரச்சினை, பிறகு வீட்டை விட்டு எழுப்பிப்போடுவினம்" என்று பயப்படும் அம்மா அப்பாமாருக்கு, முறைப்பாடு செய்ததற்காக யாரையும் எழுப்ப முடியாது என்று தெளிவாகச் சொல்லலாம். பிரெஞ்சு தெரிந்தவர்கள் வீட்டுக்காரருக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதிக் கொடுக்கலாம், பதிவுத் தபாலில் அனுப்பலாம், தீர்ப்பாயத்துக்குக் கூடவே போகலாம். ஒரு கதவைத் தட்டினால் பக்கத்துக் கதவையும் தட்டுங்கள். ஹெயிட்டிக் குடும்பமோ அல்ஜீரியக் குடும்பமோ, சுவர் ஒன்றுதான். ஒரு ஆள் முறையிட்டால் தொல்லை, பத்து வீடு சேர்ந்து முறையிட்டால் சங்கம்.

இந்த முறை கோட் கொடுக்கப் போகும்போது ஒரு தெர்மோமீற்றரும் கொண்டு போங்கள். அறையின் நடுவில், தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் வையுங்கள். விதிப்படி அளப்பது அங்கேதான். இலக்கத்தையும் தேதியையும் குறியுங்கள், பில்லையும் படம் எடுத்து வையுங்கள். எங்கட போராட்டத்தின் முதல் ஆவணம் அதுதான்.