வாய்ப்பூட்டுக்கு வக்காலத்தா?

"இந்த நாட்டுக்குச் சுதந்திரம் மிஞ்சிப் போய்விட்டது, ஓர் ஐந்தாண்டு இராணுவ ஆட்சி வந்தால்தான் உருப்படும்" என்னும் பேச்சை நாம் கேளாத நாளில்லை. தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்திருப்பவரும் சொல்கிறார். பட்டம் பெற்றுப் பதவியில் வீற்றிருப்பவரும் சொல்கிறார். கையூட்டுக் கொடுத்துக் கொடுத்து நொந்தவர் வேதனையில் சொல்கிறார். கையூட்டு வாங்கிப் பழகியவரும் வெட்கமின்றிச் சொல்கிறார். சட்டமன்றக் கூச்சலையும், கட்சித் தாவலையும், தேர்தல் காலப் பண வெள்ளத்தையும் கண்டு சலித்த உள்ளங்களின் பெருமூச்சு அது என்று நாமும் இதுநாள்வரை பொறுத்திருந்தோம். ஆனால் பெருமூச்சு இப்போது கொள்கையாகிக் கொண்டிருக்கிறது. ஆதலின் மறுமொழி கூறாதிருப்பது தகாது.

கற்பனைக்கு இங்கே வேலையில்லை. சர்வாதிகாரத்தின் சுவை எத்தகையது என்பதை இந்நாடு இருபத்தொரு மாதங்கள் பருகிப் பார்த்திருக்கிறது. 1975 ஜூன் 25 நள்ளிரவு முதல் 1977 மார்ச் 21 வரை நீடித்த நெருக்கடி நிலைதான் அது. அரை நூற்றாண்டு கடந்துவிட்ட காரணத்தால் அன்று அடிபட்டவர்களில் பலர் இன்று நம்மிடையே இல்லை. அடிபடாதவர்களின் பிள்ளைகளோ அதனைப் பொற்காலம் என்று கேள்விப்பட்டு வளர்கிறார்கள். எனவே நினைவூட்டுவது நம் கடமையாகிறது.

இரவோடு இரவாக

1975 ஜூன் 12-ஆம் நாள் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன் லால் சின்ஹா, பிரதமர் இந்திரா காந்தி ரேபரேலியில் பெற்ற வெற்றி செல்லாது எனத் தீர்ப்பளித்தார். நாட்டின் தலைமை அமைச்சரை ஒரு மாநில நீதிபதி சட்டத்தின் முன் நிறுத்த முடிந்ததே, அதுதான் குடியாட்சி. அத்தீர்ப்பு வந்த பதின்மூன்றாம் நாள் இரவில் குடியரசுத் தலைவரின் கையொப்பம் பெறப்பட்டது. அமைச்சரவைக்கு மறுநாள் காலையில்தான் செய்தியே சொல்லப்பட்டது. தில்லியின் பத்திரிகை அலுவலகங்கள் நிறைந்த தெருவுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அச்சு இயந்திரம் நின்றது. அதன்பின் தலைவர்களின் கைது தொடர்ந்தது. விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் நுழைபவன் யாராக இருப்பான் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

பின்னாளில் நீதிபதி ஷா தலைமையிலான விசாரணை ஆணையம் கணக்கெடுத்தது. மிசா சட்டத்தின் கீழ் 34,988 பேரும், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 75,818 பேரும் சிறைப்பட்டனர். இவர்களில் ஜெயப்பிரகாஷ் நாராயணனும் மொரார்ஜி தேசாயும் உண்டு. பெயரறியாத பள்ளி ஆசிரியரும் தொழிற்சங்க ஊழியரும் உண்டு. ஜமாஅத்தே இஸ்லாமி, ஆர்.எஸ்.எஸ்., நக்சல் குழுக்கள் என்று ஒன்றோடொன்று ஒட்டாத இயக்கங்கள் யாவும் ஒரே ஆணையில் தடை செய்யப்பட்டன. தடியடிக்கு மதமுமில்லை, கட்சியுமில்லை என்பதை அன்று சிறைக் கொட்டடிகள் கற்பித்தன.

இரயில் நேரத்துக்கு வந்ததாமே!

"அக்காலத்தில் இரயில்கள் குறித்த நேரத்தில் ஓடின, அலுவலகங்களில் ஆட்கள் இருக்கையில் இருந்தார்கள், விலைவாசி இறங்கியது" என்பது வக்காலத்து வாங்குவோரின் வாதம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விலை இறங்கியது உண்மை. ஆனால் விலையேற்றத்தைக் கட்டுப்படுத்தும் நடவடிக்கைகள் 1974-லேயே எடுக்கப்பட்டு, அவ்வாண்டின் இறுதியிலேயே விலைகள் சரியத் தொடங்கிவிட்டன. 1975-இல் பருவமழை பொய்க்காமல் பெய்தது. தானிய விளைச்சல் அதுவரை காணாத அளவுக்குப் பெருகியது. வானம் கொடுத்த மழையை மிசாவின் கணக்கில் வரவு வைப்பது என்ன நியாயம்? உழைப்பாளிக்கு அவ்வாட்சி தந்ததையும் கேளுங்கள்: 8.33 விழுக்காடாக இருந்த குறைந்தபட்ச போனஸ் 4 விழுக்காடாக வெட்டப்பட்டது. வெட்டியபோது வேலைநிறுத்தம் செய்ய வழியில்லை; வெட்டியது தவறு என்று எழுத இதழுமில்லை.

இரயில் நேரத்துக்கு வந்திருக்கலாம். அதிலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டவன் எங்கே என்று கேட்க அவன் தகப்பனுக்கு உரிமை இருந்ததா? கேரளத்தில் கோழிக்கோடு வட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவன் ராஜன், 1976 மார்ச் முதல் நாளன்று போலீசாரால் கொண்டுபோகப்பட்டான். பேராசிரியரான அவன் தந்தை ஈச்சர வாரியர் ஏறாத படியில்லை, எழுதாத மனுவில்லை. ஓராண்டுக் காலம் "உங்கள் மகன் எங்களிடம் இல்லை" என்ற சொல்லுக்கு மேல் அவருக்கு ஒன்றும் கிட்டவில்லை. நெருக்கடி நிலை நீங்கிய பிறகே அவர் கொடுத்த ஆட்கொணர்வு மனு கேரள உயர் நீதிமன்றத்தில் உண்மையை வெளிக் கொணர்ந்தது. போலீஸ் முகாமில் அந்த இளைஞன் மடிந்த செய்தி வந்தது. அப்போது முதலமைச்சர் பதவியிலிருந்த கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. மகனின் உடல் மட்டும் தந்தைக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. இரயில் நேரத்துக்கு வந்ததைப் புகழ்வோர் அந்தத் தந்தையின் முகத்தைப் பார்த்து அதனைச் சொல்லத் துணிவார்களா?

கேள்வி இல்லாத இடத்தில் கணக்கும் இல்லை

தில்லி ஜும்மா மஸ்ஜிதுக்குக் கூப்பிடு தூரத்தில் துருக்குமான் கேட். தலைமுறை தலைமுறையாக எளிய முஸ்லிம் குடும்பங்கள் வாழ்ந்த பகுதி. நகரை அழகுபடுத்துகிறோம் என்று 1976 ஏப்ரலில் அங்கே புல்டோசர்கள் புகுந்தன. அண்மையில் நடந்த கருத்தடை முகாமுக்கு ஆள் பிடிக்கும் அச்சமும் மக்களைச் சூழ்ந்திருந்தது. ஏப்ரல் 19 அன்று எதிர்த்து நின்றவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மிஞ்சியவர்கள் யமுனைக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டப்பட்டனர். இறந்தவர் எத்தனை பேர்? இன்றளவும் ஒருமித்த கணக்கில்லை. தணிக்கையின் மெய்யான கொடுமை இதுதான்: செய்தியை மறைப்பதோடு அது நிற்பதில்லை, செத்தவன் செத்தான் என்ற கணக்கையும் அழித்துவிடுகிறது.

கருத்தடையை எடுத்துக்கொள்வோம். குடும்ப நலம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 1976-77 ஓராண்டில் மட்டும் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அறுவை செய்யப்பட்டது. அரசே வகுத்த இலக்கைப்போல ஏறத்தாழ இரு மடங்கு! இத்தனைபேர் எண்ணிக்கை கேட்டு ஆசிரியரை விரட்டினார்கள், ஊதியத்தை நிறுத்தினார்கள். அவர் கைக்கெட்டிய ஏழையைப் பிடித்துக் கொடுத்தார். அரியானாவின் உத்தாவர் என்னும் மேவாத்தி முஸ்லிம் சிற்றூரைப் போலீசார் சுற்றி வளைத்து ஆண்களை அள்ளிச் சென்றனர். தில்லியில் இருந்தவர்களுக்கோ இலக்கைத் தாண்டிய எண்கள் மட்டும் போய்ச் சேர்ந்தன. திட்டம் அமோக வெற்றி என்றே அவர்கள் நம்பினார்கள்.

வாயடைத்த நாட்டில் முதலில் செவிடாவது ஆட்சியாளனின் காதுதான். இதனைவிடப் பேரழிவான சான்று சீனத்தில் உண்டு. 1958 முதல் 1961 வரை அங்கே பஞ்சம் கோடிக்கணக்கான உயிர்களைக் குடித்தது. களஞ்சியம் நிரம்பி வழிவதாகக் கீழதிகாரிகள் மேலதிகாரிகளுக்குப் பொய்க் கணக்கு அனுப்பினார்கள்; அப்பொய்யை நம்பித் தானியம் கொள்முதல் செய்யப்பட்டது; பட்டினிக் காலத்திலேயே வெளிநாட்டுக்கும் ஏற்றுமதியானது. 1959-இல் உள்ளதை உள்ளபடி மாவோவுக்குக் கடிதமாக எழதிய பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் பதவி இழந்தார். அதன்பின் யார் வாய் திறப்பார்? சுதந்திரமான பத்திரிகைகளும் தேர்தலும் உள்ள நாடுகளில் பெரும் பஞ்சம் நேர்ந்ததில்லை என்று அமர்த்தியா சென் சுட்டிக் காட்டியது இதனால்தான். வங்கப் பஞ்சம் 1943-இல் வெள்ளையன் ஆட்சியில் வந்தது; விடுதலை பெற்ற இந்தியாவில் வறட்சிகள் வந்தன, அத்தகைய பெரும் பஞ்சம் வரவில்லை. கூச்சலிடும் எதிர்க்கட்சிக்காரனும் குறை எழுதும் நிருபனும் ஏழையின் சோற்றுக்குக் காவல் இருந்திருக்கிறார்கள் என்பதை அவர்களைப் பழிக்கும்போது நாம் மறந்துவிடுகிறோம்.

உயிருக்கும் உத்தரவாதமில்லை

நெருக்கடி நிலையின் உள்ளுருவம் 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. விசாரணையின்றிச் சிறையிலிருப்போர் நீதிமன்றத்தை அணுகலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கூறியிருந்தன. அதனை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்தது. காவலர் ஒருவர் சொந்தப் பகையால் ஒருவனைக் கொன்றாலுங்கூட நிவாரணம் இல்லையா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா வினவினார். நெருக்கடி நிலை உள்ளவரை இல்லை என்றே அரசின் தலைமை வழக்கறிஞர் விடையிறுத்தார். ஐவரில் நால்வர் அரசின் பக்கம் நின்றனர். கன்னா ஒருவரே மறுத்து எழுதினார். அதற்கு விலையாகத் தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டிச் சென்றது. அவர் பதவி துறந்து வெளியேறினார். அன்றைய பெரும்பான்மைத் தீர்ப்பு பிழையென்று உச்ச நீதிமன்றமே 2017-இல் தீர்ப்பளித்தது. ஒரு மனிதரின் நேர்மை வெல்ல நாற்பத்தொரு ஆண்டுகள் ஆயின.

தமிழகத்தின் கதை தனியே சொல்லத் தக்கது. 1976 ஜனவரி 31-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்படும்வரை தணிந்திருந்த நெருக்கடி, அதன்பின் முழு உருவத்தில் இறங்கியது. சென்னை மத்திய சிறையில் அடைபட்டோர் இரவில் அடித்து நொறுக்கப்பட்டனர். முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு 1977 ஜனவரியில் உயிர் துறந்தார். அக்கொடுமைகளை விசாரிக்கும் பொறுப்பு பின்னர், கம்பனில் தோய்ந்த நம் நீதியரசர் மு.மு. இஸ்மாயிலிடம் ஒப்படைக்கப்பட்டது. சிறைச் சுவருக்குள் நடந்தது ஒரு நாள் நீதிமன்றக் கூண்டுக்கு வரும் என்னும் அந்த ஒரு நிச்சயமே குடியாட்சி குடிமகனுக்கு அளிக்கும் கவசம்.

இரு நாடுகளும் ஓர் ஆண்டும்

1977 மார்ச் மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் தேர்தலைச் சந்தித்தன. இங்கே ரேபரேலியில் பிரதமரே தோற்றார். தோற்றவர் பதவி விலகினார். அங்கே தேர்தலில் முறைகேடு என்று கிளர்ச்சி மூண்டது. ஜூலை 5-இல் தளபதி ஜியாவுல் ஹக் ஆட்சியைப் பிடித்தார். தொண்ணூறு நாளில் தேர்தல் என்று அவர் வாக்களித்தார். கட்சிகளுக்கு இடமில்லாத ஒரு தேர்தல் நடக்கவே 1985 வரை ஆயிற்று. 1988-இல் விமான விபத்தில் மாளும்வரை அவர் பதவியை விடவில்லை. இடைக்காலத்தில் பத்திரிகையாளர்களுக்குக் கசையடியும் கிடைத்தது.

தோற்ற இருவரின் கதியையும் ஒப்பிடுங்கள். பதவி பறிக்கப்பட்ட பூட்டோ 1979 ஏப்ரலில் தூக்கிலேற்றப்பட்டார். இந்திரா காந்தி 1977 அக்டோபரில் கைது செய்யப்பட்டார். மறுநாளே நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1980-இல் அதே மக்களின் வாக்கால் மீண்டும் பிரதமரானார். பல்லாயிரவருக்கு எந்தக் கதவை அவர் அடைத்தாரோ, அந்த நீதிமன்றக் கதவுதான் அவருக்கும் திறந்தது. சுதந்திரம் என்பது எதிராளிக்கு நாம் இடும் பிச்சை என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்கட்டும். அது நாளைய நமக்காக இன்று நாம் போட்டு வைக்கும் வைப்புத் தொகை.

நம் குற்றம்

இத்தனையும் சொன்ன பிறகு நம்மை நாமே கேட்காமல் இருப்பது நேர்மையன்று. வடபுலம் 1977-இல் நெருக்கடி நிலையைத் தூக்கி எறிந்தபோது தமிழகம் என்ன செய்தது? 39 தொகுதிகளில் 34-ஐ இந்திரா காங்கிரசுக்கும் அதன் தோழமைக் கட்சிகளுக்கும் வாரி வழங்கியது. கருத்தடை வண்டி நம் தெருவில் அந்த அளவுக்கு வரவில்லை. புல்டோசர் நம் சுவரை இடிக்கவில்லை. ஆதலால் நமக்கு வலிக்கவில்லை. அடுத்த வீட்டுத் தீயில் குளிர் காய்ந்த குற்றம் நமக்கும் உண்டு.

இன்னொன்றும் உண்டு. நெருக்கடி நிலையைக் கொணர்ந்தவர் படையெடுத்து வந்த அந்நியர் அல்லர்; பெரும்பான்மை பெற்றுத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைக் கொண்டே அரசியல் சட்டத்தின் குரல்வளை நெரிக்கப்பட்டது. ஆகவே வாக்குச் சீட்டு மட்டுமே சுதந்திரம் ஆகிவிடாது. அஞ்சாத நீதிபதி, விலைபோகாத இதழ், மதிக்கப்படும் எதிர்க்கட்சி, பெரும்பான்மையின் கையெட்டாத சிறுபான்மை உரிமை ஆகிய நான்கும் சேர்ந்து தாங்கினால்தான் அந்தக் கூரை நிற்கும். 1978-இல் 44-ஆம் திருத்தம், உயிருரிமையை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்கலாகாது என்று விதித்தது நல்லதே. ஆயினும் மிசா போனபின் 1980-இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1982-இல் நம் மாநிலத்திலேயே குண்டர் சட்டம் வந்தது. விசாரணையின்றி ஓராண்டு அடைத்து வைக்கும் அதிகாரம் இவற்றில் இருக்கிறது. "பிடித்து உள்ளே போடு" என்று நாம் கைதட்டும் ஒவ்வொரு முறையும் 1975-இன் பூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறோம்.

குடியாட்சியின் குறைகளை நாம் மறைக்கவில்லை. அதன் வீதியில் குப்பை உண்டு, கூச்சல் உண்டு, களவும் உண்டு. ஆனால் அந்தக் குப்பையைச் சுட்டிக்காட்டி இக்கட்டுரையை எழுத நமக்கும், இதனை மறுத்து எழுத உங்களுக்கும் உரிமை இருக்கிறது. இராணுவ ஆட்சி வேண்டும் என்று தேநீர்க் கடையில் உரக்கப் பேசுகிறாரே அந்த நண்பர், அவர் கேட்கும் ஆட்சி வந்துவிட்டால், அது வேண்டாம் என்று பேச அவருக்கே வாய் இராது. அவருக்காகவும் சேர்த்தே நாம் வாதாடுகிறோம்.