நாயை யார்கிட்ட விட்டுட்டு வந்தே?

வளைகுடாவில் வளர்ந்த நம்மிடம் ஊரில் பெரியம்மாக்கள் வழக்கமாகக் கேட்பது மூன்று கேள்வி: சம்பளம் எவ்வளவு, கல்யாணம் எப்போ, எனக்கு என்ன கொண்டுவந்தே. எனக்கு மட்டும் நாலாவது ஒன்று சேர்ந்திருக்கிறது: "நாயை யார்கிட்ட விட்டுட்டு வந்தே?"

நான் இருப்பது மசாஃபி. தண்ணீர் பாட்டிலில் பெயரைப் பார்த்திருப்பீர்கள். ஹஜர் மலைக்குள்ளே, புஜைராவுக்குப் போகிற வழியில் இருக்கிற ஊர் அது. வேலை லேப்டாப்பில், வாடகை குறைவு. வெள்ளிச் சந்தை பக்கம் யாரோ விட்டுவிட்டுப் போன ஒரு குட்டி என் காரில் ஏறிக்கொண்டது. பெயர் கருப்பன். மைக்ரோசிப், ரேபிஸ் ஊசி, பதிவு எல்லாம் பக்காவாக இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: நான் ஊருக்குப் போகும்போது அவனைப் பார்த்துக்கொள்ள ஆள்.

கூடவே கூட்டிப்போகலாமே என்பீர்கள். எமிரேட்ஸ் விமானத்தில் பயணிகள் பகுதியில் ராஜாளிக்குக்கூட இடம் உண்டு. வழிகாட்டி நாயாக இல்லாவிட்டால் நம் நாய்க்குக் கிடையாது. திரும்பி வர இறக்குமதி அனுமதி வேண்டும், இந்தியாவிலிருந்து என்றால் ரேபிஸ் எதிர்ப்பு சக்திக்கான ரத்தப் பரிசோதனையும் வேண்டும். பத்து நாள் லீவுக்கு இதெல்லாம் ஆகிற காரியமா? ஆப்பில் ஆள் தேடினால் துபாயோடு வரைபடம் முடிந்துவிடுகிறது.

2024 ஏப்ரலில் நாலு நாளைக்கு மதுரை போனேன். பக்கத்துத் தோட்டத்து நாத்தூரிடம் கருப்பனை விட்டேன். பரமக்குடிக்காரர், ஐம்பது வயசு இருக்கும். 16-ஆம் தேதி மழை கொட்டியது ஞாபகம் இருக்கும். அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் ஒரே நாளுக்குள் 254 மி.மீ.; 1949-ல் பதிவு தொடங்கியதிலிருந்து அப்படி ஒரு மழை இல்லை. துபாய் ஏர்போர்ட்டில் ஓடுபாதை ஏரியானது, என் விமானம் ரத்து. நாலு நாள் ஏழு நாளானது. அங்கே வாதியில் வெள்ளம், எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. ஒரு ராத்திரி முழுக்க அவர் போன் கிடைக்கவில்லை. காலையில் ஒரு போட்டோ வந்தது: மோட்டார் ரூம் மாடியில், அவருடைய கட்டிலுக்கு அடியில் கருப்பன். கட்டில் மேலே உர மூட்டைகள். அவர் எங்கே படுத்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

திரும்பி வந்து 500 திர்ஹம் நீட்டினேன். வாங்கவில்லை. "தம்பி, காசு வாங்காட்டி உதவி. வாங்கினா வேலை. வேலைன்னா என் விசாவுல அது இல்ல."

எஞ்சினியரிங்கில் மாஸ்டர்ஸ் படித்த எனக்கு இது உறைக்கவே இல்லை. நம்பகமான ஆளா, நாயை அடிப்பாரா, சோறு வைப்பாரா என்று அவரைத்தான் எடை போட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு என்ன ஆபத்து என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வேறு ஸ்பான்சரிடம் இருப்பவரை அனுமதி இல்லாமல் சம்பளத்துக்கு வைப்பது இங்கே குற்றம். அதே வருஷம் ஆகஸ்டில் திருத்திய தொழிலாளர் சட்டப்படி முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம். அவர் பிழைப்பே போய்விடலாம். நம்ம வாட்ஸப் குரூப்பில் "வாட்ச்மேன்கிட்ட விட்டுடு, 20 திர்ஹம் குடு" என்று சுலபமாக எழுதுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

என் கருத்து இதுதான்: பத்து நாளுக்கு மேல் போனால் லைசென்ஸ் உள்ள நகரத்து விடுதிதான். ஒன்றரை மணி நேரம் ஓட்டினாலும் பரவாயில்லை. முன்கூட்டியே போய் நாய்கள் தூங்குகிற இடத்தைப் பாருங்கள். உள்ளே விடமாட்டேன் என்றால் காரைத் திருப்புங்கள். இரண்டு மூன்று நாள் என்றால் அக்கம்பக்கம் கேட்கலாம், ஆனால் முதலில் அவருடைய அர்பாபிடம். நான் தயங்கித் தயங்கித்தான் போனேன். அவர் சிரித்துவிட்டு, தாத்தா வளர்த்த சலூக்கியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். இன்னொரு வீட்டில் வேண்டாம் என்றார்கள். நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டிய வழக்கம் அவர்களுக்கு. அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

வெயிலை மட்டும் விடாமல் சொல்லுங்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30-லிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் ஆளை வேலை வாங்கக் கூடாதென்று சட்டமே இருக்கிறது. தாரில் வெறுங்காலோடு நடக்கிறவனுக்கு அந்த நேரம் போதாது. விடிவதற்கு முன்னால் நடக்கட்டும், அவ்வளவுதான்.

இந்த ஜூலையில் அண்ணன் ஊருக்குப் போகிறார். அவருடைய நாலு கோழிக்கும் நான்தான் ஆள். தீனி எவ்வளவு என்று கேட்டேன். "முதல்ல ஒரு நாள் வந்து போட்டுப் பாரு தம்பி, பார்க்கலாம்" என்றிருக்கிறார்.