மயிலாப்பூரில் கால் வைக்க இடம் உண்டு. உட்கார இடம் எங்கே?

மார்கழி பிறந்தாச்சு. அரையாண்டு லீவு, கிறிஸ்துமஸ், புது வருஷம், பொங்கல் என்று வரிசையாக விடுமுறை. கணவன்-மனைவி ஜோடியாக ஒரு நாள் வெளியே போய் வரவேண்டும் என்றால், சென்னைவாசிகள் பலருக்கும் நினைவுக்கு வருவது மயிலாப்பூர்தான்.

காரணம் இதுதான். பர்ஸ் காலியாகாது!

சாதாரண கட்டண டவுன் பஸ்சில் 2021 மே மாதத்தில் இருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கணவர் பாடு மட்டும்தான் செலவு. பறக்கும் ரெயிலில் வந்தால் திருமயிலை ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம்.

முதலில் கபாலீசுவரர், கற்பகாம்பாள் தரிசனம். பிறகு மாட வீதி. கோலப்பொடி, கோல அச்சு, வளையல், எவர்சில்வர் பாத்திரம், பட்டுப் புடவை... வாங்கினால்தான் காசு; பார்க்கக் காசு இல்லை. ஓட்டலில் ஆளுக்கு ஒரு டிபன், ஒரு காபி. சபா பக்கம் போனால் பகல் கச்சேரி பலவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது. பொழுது சாய்ந்ததும் கச்சேரி ரோடு வழியாக சாந்தோம் மாதா கோவில். அங்கே கிறிஸ்துமஸ் விளக்கு. இத்தனையும் ஒரே பேட்டையில்!

கால் கடுக்குது!

ஆனால் 12 மணி ஆவதற்குள், "கால் கடுக்குதுங்க, வீட்டுக்குப் போயிடலாமா?" என்று மனைவி கேட்கிறாள்.

உட்கார இடம் இல்லை. கோவிலில் உட்காரலாம் என்றால் மத்தியானம் நடை சாத்திவிடுகிறார்கள். நாகேசுவரராவ் பூங்காவில் பெஞ்சு உண்டு. அதற்கு லஸ் சர்ச் ரோடு வரை நடக்கவேண்டும். ஓட்டலிலோ, காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் ஒருவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுகிறார்!

இன்னொன்றும் உண்டு. வெளியே சொல்லக் கூச்சப்படும் விஷயம். 'வழியில் சுத்தமான கழிப்பிடம் கிடைக்காதே' என்று பயந்து, தண்ணீர் குடிக்காமலே வீட்டைவிட்டுப் புறப்படும் பெண்கள் எத்தனையோ பேர்.

ஆபீஸ் போகிற புருஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு. அடுப்படிக்கு ஏது லீவு? அவளுக்கு வாய்க்கிற ஒரே ஒரு நாளும் பாதியிலே முடிய வேண்டுமா?

கடைக்கு உள்ளே, கடைக்கு வெளியே

2021-ல் தமிழக சட்டசபையில் ஒரு நல்ல சட்டத் திருத்தம் வந்தது. கடை ஊழியர்கள் நாள் பூராவும் நிற்கக்கூடாது, உட்கார இருக்கை கொடுக்கவேண்டும் என்று சொன்னார்கள். கடைக்கு உள்ளே நிற்பவருக்குக் கால் வலிக்கும் என்பதை ஒப்புக்கொண்டோம். வெளியே நிற்பவருக்கு மட்டும் இரும்புக் காலா?

"ரோட்டிலே இடம் ஏது?" என்பார்கள். உடனே சிலர் நடைபாதை வியாபாரிகளை விரட்டக் கிளம்புவார்கள். அது தப்பு. அவர்கள் பிழைப்பைக் காக்க 2014-ம் ஆண்டிலேயே மத்திய அரசு சட்டம் கொண்டுவந்திருக்கிறது. அதுவும் தவிர, பூக்காரி இல்லாத மாட வீதியை யார் பார்க்க வருவார்கள்?

இடத்தை அடைப்பது பூக்கூடை அல்ல. காரும் மோட்டார் சைக்கிளும்தான். ஒரு கார் நிற்கிற இடத்தில் இரண்டு பெஞ்சு போடலாம். தி.நகர் பாண்டிபஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கி, மக்கள் உட்கார வழி செய்தார்களே! மயிலாப்பூர் மட்டும் என்ன பாவம் செய்தது?

செய்ய வேண்டியது

மார்கழி முதல் பொங்கல் வரை விடுமுறை நாட்களில், மாலை 4 மணியில் இருந்து 9 மணி வரை மாட வீதிகளில் வண்டிகளை நிறுத்திவையுங்கள். அங்கே குடியிருப்போர் வண்டிக்கும், முதியோர் வரும் ஆட்டோவுக்கும் மட்டும் வழி விடுங்கள். குளத்தைச் சுற்றி பெஞ்சு போடுங்கள. பெண்கள் கழிப்பிடம் எங்கே என்று பெரிய எழுத்தில் போர்டு வையுங்கள். அது பூட்டாமல், விளக்கோடு, சுத்தமாக இருக்கட்டும்.

கடைக்காரர்களும் வாசலில் இரண்டு ஸ்டூல் போடலாம். நஷ்டம் வராது. கால் வலித்தவர் பஸ் ஏறிவிடுவார். இளைப்பாறியவர் இன்னும் நாலு கடை ஏறுவார்!

மாநகராட்சி அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு லீவு நாளில் வீட்டம்மாவை அழைத்துக்கொண்டு நாலு மாட வீதியையும் சுற்றி வாருங்கள். ஜீப்பில் அல்ல, நடந்து! மறுநாளே பெஞ்சு வந்துவிடும்.