ஊருக்கு ஒரு ரேடியோ: பேசப்போவது யார்?

பழனிக்கு மேற்கே, உடுமலை போகும் சாலையில் இருக்கிறது நெய்க்காரப்பட்டி. கரும்பும் நெல்லும் விளையும் பூமி. ஒரு பேரூராட்சி.

இந்த ஊரில் ரேடியோவைத் திருப்பினால் கோடைப் பண்பலை கேட்கும். கொடைக்கானல் மலை உச்சியிலிருந்து 100.5 என்ற எண்ணில் வருகிறது. பாட்டு வருகிறது. பேச்சு வருகிறது. வானிலை வருகிறது.

மலை பேசுகிறது, ஊர் கேட்கிறது. ஊர் பேசினால் யார் கேட்பார்கள்? நம் வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும்? இன்று எந்தத் தெருவில் கரண்ட் இருக்காது? இதை எந்த ரேடியோ சொல்லும்?

இதற்கு ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் சமுதாய வானொலி.

சென்னையில் பிறந்தது

தமிழ்நாட்டில் ரேடியோவைத் தொடங்கியது சர்க்கார் அல்ல. 1924-ல் சென்னையில் சில ஆர்வலர்கள் கூடி ஒரு ரேடியோ கிளப் வைத்தார்கள். கிருஷ்ணசாமி செட்டி என்பவர் முன்னின்று நடத்தினார். மூன்றே ஆண்டுகளில் பணம் தீர்ந்தது. 1927-ல் கிளப் மூடப்பட்டது. பிறகு சென்னை நகரசபை அதை ஏற்று, 1930-ல் ஒலிபரப்பைத் தொடங்கியது.

1938-ல் சென்னையிலும், 1939-ல் திருச்சியிலும் அகில இந்திய ரேடியோ நிலையங்கள் வந்தன.

அந்தக் காலத்தில் வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் ஆண்டுதோறும் தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். ஏழைகளுக்குப் பஞ்சாயத்து ரேடியோதான். மாலையானால் ஊரே அதைச் சுற்றி உட்காரும்.

ரேடியோவின் சக்தி சாதாரணமானதா? 1960-களில் ஆடுதுறை 27 என்ற புது நெல் வந்தது. திருச்சி வானொலி அதை விளக்கிச் சொன்னது. தஞ்சை விவசாயிகள் கேட்டார்கள், பயிரிட்டார்கள். அந்த நெல்லுக்கே "ரேடியோ நெல்" என்று பெயர் வந்துவிட்டது!

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

ஆனால் ஒன்று. பேசியது நிலையம். கேட்டது ஜனங்கள். ஜனங்கள் பேச இடம் இல்லை.

1995 பிப்ரவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியத் தீர்ப்புச் சொன்னது. கிரிக்கெட் ஆட்டத்தை டெலிவிஷனில் காட்டுவது பற்றிய வழக்கு அது. "காற்று அலைகள் பொதுச் சொத்து" என்றது கோர்ட்டு. அதாவது, ஆறும் குளமும் போல.

பிறகு கதவு மெல்லத் திறந்தது. 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாக வானொலி தொடங்கியது. 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. 2008-ல் இன்றைய தெலுங்கானாவில், மாச்னூர் என்ற கிராமத்தில், தலித் பெண்கள் தாங்களே நடத்தும் ரேடியோ வந்தது. விதை பற்றியும் சாகுபடி பற்றியும் அவர்கள் பேசினார்கள்.

பாம்பன் மீனவர் குரல்

நம் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2016 ஆகஸ்டு 15-ந் தேதி பாம்பனில் "கடல் ஓசை" பிறந்தது. எண் 90.4. மீனவர்களுக்காகத் தொடங்கிய வானொலி அது. காற்று எப்படி, அலை எப்படி, கடலுக்குப் போகலாமா என்று அவர்கள் பேச்சிலேயே சொன்னது. வீட்டில் காத்திருக்கும் தாய்க்கும் மனைவிக்கும் அது எவ்வளவு பெரிய தைரியம்!

கடல் பாம்பனுக்கு எப்படியோ, அப்படித்தான் நெய்க்காரப்பட்டிக்கு வயல்.

சட்டம் என்ன சொல்கிறது?

சமுதாய வானொலியின் கருவி சின்னது. ஏறக்குறைய 10 கிலோமீட்டர் கேட்கும். தனி ஆளுக்கு லைசென்ஸ் இல்லை. அரசியல் கட்சிக்கும் இல்லை. பாதி நிகழ்ச்சியாவது உள்ளூர் மக்கள் பங்கெடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும்.

சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் ஒலிபரப்பலாம். ஆனால் வானிலை, திருவிழா, பரீட்சை முடிவு, வேலை வாய்ப்பு, தண்ணீர், மின்சாரம் பற்றிய அறிவிப்பு எல்லாம் சொல்லலாம்.

இதில் ஒரு குறை உண்டு. தண்ணீர் வராது என்று அறிவிக்கலாம். ஏன் வரவில்லை என்று செய்தியாகக் கேட்க முடியாது! இந்தத் தடையைத் தளர்த்த வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம்.

செல்போன் இருக்கிறதே?

"கையில் போன் இருக்கும்போது ரேடியோ எதற்கு?" என்று கேட்பீர்கள்.

2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வந்ததை மறக்க முடியுமா? நாகை மாவட்டத்தில் கரை ஏறி, திண்டுக்கல் வரை அடித்தது. பல ஊர்களில் கரண்ட் போயிற்று. செல்போன் கோபுரங்கள் ஊமையாயின. அப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு பாட்டரி போட்ட ரேடியோ பேசும்.

இன்னொன்று. போனில் வரும் வதந்திக்குத் தாய் தகப்பன் கிடையாது. யார் கிளப்பினார்கள் என்றே தெரியாது. ஊர் ரேடியோவுக்கு லைசென்ஸ் உண்டு, விலாசம் உண்டு. தப்பாகச் சொன்னால் நேரே போய்க் கதவைத் தட்டலாம்.

பணம்தான் சிக்கல்

1924-ல் தொடங்கிய கிளப்பைக் கொன்றது எது? பணமின்மை. இன்றும் அதே நோய்தான். சின்ன ஊரில் விளம்பரம் குறைவு. 2024-ல் சர்க்கார் விதியைத் தளர்த்தியது. மணிக்கு 12 நிமிஷம் வரை விளம்பரம் போடலாம். நல்லதுதான். ஆனால் மளிகைக் கடையும் உரக்கடையும் கைகொடுத்தால்தான் 12 நிமிஷம் நிரம்பும்.

2024 தொடக்கத்தில் நாட்டில் 480-க்கும் மேற்பட்ட சமுதாய வானொலிகள் இருந்தன. இவ்வளவு பெரிய தேசத்துக்கு இது போதுமா?

ஊருக்குக் கோயில் கட்டப் பணம் சேர்க்கிறோம். பள்ளிக்கூடம் கட்ட நிலம் கொடுக்கிறோம். குரலுக்கும் கொஞ்சம் கொடுத்தால் என்ன? எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அதில் பேசலாம், ஊர் கேட்கும்.