வைக்கோலும் வினையூக்கியும்

உழவன் விளைவிப்பன இரண்டு: மனிதன் உண்ணும் மணி ஒன்று, அம்மணியைத் தாங்கி நின்ற தாள் மற்றொன்று. மணியைக் காக்கக் களஞ்சியம் உண்டு, சந்தை உண்டு, சட்டமும் உண்டு. தாளுக்கோ பல இடங்களில் நெருப்பே கதியாகின்றது. அத்தாளைக் காற்றுப் புகாத கலத்திலிட்டுச் சூடாக்கி, கரியும் எண்ணெயும் வாயுவுமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்பர் இரசாயன நூலார். அங்ஙனம் செய்யுங்கால் எத்தகைய கனிமத்தை வினையூக்கியாகச் சேர்த்தல் தகும் என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். என் முடிபை முதலிலேயே கூறிவிடுகின்றேன்: வயலுக்குத் திரும்பிச் செல்லத் தகாத எக்கனிமத்தையும் வைக்கோலோடு கலத்தல் ஆகாது.

முதற்கண் இடரின் அளவை நோக்குவோம். பஞ்சாபு மாநிலத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 கோடி டன் நெல் வைக்கோல் உண்டாகின்றது. ஆங்கு நிலத்தடி நீரைக் காக்கும்பொருட்டு 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம் நாற்று நடவைப் பின்தள்ளியது. நடவு பிந்தவே அறுவடையும் பிந்தியது. நெல் அறுத்தபின் கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரங்களே எஞ்சுகின்றன. அறுவடை இயந்திரம் விட்டுச் சென்ற தாளை அக்குறுகிய காலத்தில் அகற்ற ஆளும் இல்லை, கொள்வாரும் அரியர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ஆம் ஆண்டில் வயலில் தீயிடுதலைத் தடை செய்தது. அதன் பின்னும் புகை எழுந்துகொண்டே இருக்கின்றது. எரிக்காதே என்று விலக்குவது எளிது. எரிக்காமல் என் செய்வது என்று உழவன் கேட்பின் அதற்கு விடை கூறுவதன்றோ கற்றோர் கடமை?

எரிப்பதாற் கெடுவது காற்று மட்டுமன்று. ஒரு டன் நெல் வைக்கோலில் ஏறத்தாழ 12 முதல் 17 கிலோ வரை பொட்டாசியம் என்னும் சாம்பல் சத்து உளது. நெற்பயிர் மண்ணினின்று உறிஞ்சிய சாம்பல் சத்தில் ஐந்தில் நான்கு பங்கு தாளிலேயே தங்கிவிடுகின்றது. தீயிட்டால் தழைச்சத்து ஏறக்குறைய முற்றும் வானிற் கலக்கும். ஆலைக்கு வண்டியேற்றி அனுப்பினாலோ, வைக்கோலோடு நிலத்தின் சத்தும் உடன் வண்டியேறிப் போய்விடும். ஆதலின் வைக்கோலைப் பற்றி யார் எத்திட்டம் வகுப்பினும், அதன் சாம்பல் எங்கே போய்ச் சேரும் என்று கேட்டல் வேண்டும்.

இனி, வெப்பச்சிதைவின் இயல்பு யாது? மெல்லச் சூடாக்கினால் கரி மிகும். 500 டிகிரி சென்டிகிரேடு அளவில் விரைந்து சூடாக்கி, எழும் ஆவியை இரண்டு விநாடிக்குள் குளிரச் செய்தால் எண்ணெய் மிகும். மரத்தூளாயின் அதன் எடையில் நூற்றுக்கு எழுபது பங்கு வரை நீர்மமாகப் பெறலாம். வைக்கோலில் அத்துணை கிட்டாது. அன்றியும் அதனை எண்ணெய் என்பது உபசார வழக்கே. நூற்றுக்கு 15 முதல் 30 பங்கு வரை அதில் நீர் உண்டு. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் பிராணவாயு. காடியைப் போற் புளித்து இரும்பை அரிக்கும், நாட்பட்டால் தடித்துப்போகும். அதன் எரிதிறனோ பெட்ரோலிய எண்ணெயின் எரிதிறனிற் பாதிக்கும் குறைவு.

இக்குறையை நீக்கவே வினையூக்கியை நாடுகின்றனர். தான் செலவாகாது நின்று ஒரு வினையை விரைவுறச் செய்வதும், பல வழிகளுள் ஒரு வழியே அது செல்லுமாறு திருப்புவதும் வினையூக்கியின் இயல்பு. ஸ்வீடன் தேசத்துப் பெர்ஸீலியஸ் 1835-ஆம் ஆண்டில் அதற்குப் பெயரிட்டார். இத்துறையில் இன்று பெரும்பாலார் கையாள்வது ஸியோலைட் இனத்தைச் சேர்ந்த ஸெட்.எஸ்.எம்.-5 என்னும் செயற்கைக் கனிமம். மொபில் நிறுவனத்தார் 1972-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றது. அதன் நுண்துளைகள் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பதினெட்டு இலட்சத்தில் ஒரு பங்கு அகலமுடையன. ஆவி அத்துளைகளிற் புகுந்து வெளிப்படுங்கால், பிராணவாயு நீராகவும் கரியமில வாயுவாகவும் பிரிந்துபோக, பென்ஸீன், டொலுவீன் முதலியன பிறக்கின்றன. இது வியத்தற்குரிய செயலே என்பதில் ஐயமில்லை.

ஆயினும் வைக்கோலுக்கு இக்கனிமம் பொருந்துமா? ஆவியிலுள்ள கார்பனில் ஒரு பகுதி அத்துளைகளிலேயே கரியாய்ப் படிந்து அவற்றை அடைக்கின்றது. அக்கரியை எரித்து நீக்கிவிடலாம். வைக்கோலினின்று வரும் பொட்டாசியமோ, கனிமத்தின் அமிலத் தானங்களைப் பற்றிக்கொண்டு அதனை நிலையாகச் செயலிழக்கச் செய்கின்றது. மரத்தில் சாம்பல் நூற்றுக்கு ஒரு பங்கிற்கும் குறைவாயிருக்கும். நெல் வைக்கோலிலோ பதினைந்து பங்கிற்கும் மேற்படும். அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் கியோர் என்னும் நிறுவனத்தார், அம்மாநில அரசு கடனாகத் தந்த 7.5 கோடி டாலரின் துணைகொண்டு, பைன் மரத்தை வினையூக்கியோடு சிதைத்து எரிபொருள் செய்யும் ஆலையை நிறுவினர். எதிர்பார்த்த விளைவு கிட்டவில்லை. 2014-ஆம் ஆண்டில் நிறுவனம் நொடித்துப்போயிற்று. சாம்பல் குறைந்த மரத்திலேயே இத்துணை இடர் உண்டெனின், சாம்பல் மலிந்த வைக்கோலில் எத்துணை உண்டாகும்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்கே பொருந்தும்.

மற்றொன்றும் சிந்திக்கத் தக்கது. வைக்கோலிலுள்ள பொட்டாசியம் தானே ஒரு வினையூக்கி. வைக்கோலை நீரிற் கழுவிச் சிதைத்தால் எண்ணெய் மிகுவதும், கழுவாது சிதைத்தால் கரியும் நீரும் வாயுவும் மிகுவதும் ஆய்வுக்கூடங்களிற் பன்முறை கண்ட உண்மை. டென்மார்க்கு நாட்டில் வைக்கோலை எரித்து மின்சாரம் ஆக்குவோர், வயலிற் கிடந்து மழையில் நனைந்து வெளுத்த வைக்கோலையே விரும்புவர். பொட்டாசியமும் குளோரினும் மழைநீரிற் கரைந்து போய்விடுவதால் கொதிகலன் பழுதுறாது. எண்ணெயை நாடுவோர் வைக்கோலில் இயல்பாக அமைந்த வினையூக்கியைக் கழுவிப் போக்கிவிட்டு, விலையுயர்ந்த வேறொன்றை வாங்கிச் சேர்க்கின்றனர். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதற்கும் இதற்கும் வேறுபாடு யாது?

ஆதலின் வைக்கோலின் இயல்போடு இசைந்து செல்லுதலே அறிவுடைமை. கரியையும் வாயுவையும் மிகுவிப்போம். வாயுவைக் கலத்தைச் சூடாக்கும் விறகாகக் கொள்வோம். கரியை வயலுக்கு அளிப்போம். 500 டிகிரி அளவில் சாம்பல் சத்தின் பெரும்பங்கு கரியிலேயே தங்கும். தழைச்சத்தில் ஒரு பங்கு இம்முறையிலும் போய்விடும் என்பதை மறைத்தல் ஆகாது. எனினும் வயலிடைத் தீயினும் இது நன்றே. துணைக் கனிமம் வேண்டுமெனின், மண்ணுக்கு உறவானவற்றையே தேர்வோம். சுண்ணாம்பை நோக்குக: கால்சியம் அஸிடேட்டைச் சூடாக்கினால் அஸிடோன் வடியும் என்பதை நம் இரசாயன மாணவர் அறிவர். ஆவியிலுள்ள அமிலத்தைச் சுண்ணாம்பு இவ்வழியே மாற்றி அதன் புளிப்பைத் தணிக்கின்றது. சுட்ட டாலமைட் கல் மிகுந்த உஷ்ணத்தில் தார் ஆவியைச் சிதைத்து வாயுவாக்கும். களிமண்ணை இகழ்வார்க்கு ஒன்று கூறுவேன். யூஜீன் ஹௌட்ரி என்னும் பிரெஞ்சு எந்திர நூலார் 1937-ஆம் ஆண்டில் பென்ஸில்வேனியாவின் மார்க்கஸ் ஹுக் என்னுமிடத்தில் பெட்ரோலியத்தைச் சிதைக்கும் பேராலையை இயக்கியபோது, அங்கு வினையூக்கியாய் நின்றது அமிலத்தாற் பதப்படுத்திய களிமண்ணே.

எனினும் எக்கனிமமும் எந்நிலத்திற்கும் ஏற்றதாகாது. பஞ்சாபின் மண் பெரும்பாலும் காரத்தன்மையுடையது. ஆங்குச் சுண்ணாம்பு கலந்த கரியை இடுதல் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுதலாகும். களிமண் கலந்த கரியோ, கனிமம் சேராத கரியோ அதற்கு ஏற்கும். புளிப்பு மிகுந்த கேரளத்துச் செம்மண்ணிற்குச் சுண்ணாம்புக் கரியே நன்மை பயக்கும். நிக்கல் முதலிய உலோகங்கள் எந்நிலத்திற்கும் ஆகா.

வினையூக்கியை வைக்கோலோடு கலவாது, ஆவி செல்லும் வழியில் தனிக்கலத்தில் நிறுத்தினால் என்ன என்று சிலர் வினவக்கூடும். கூடும், அப்போது கரி தூய்மையாகவே இருக்கும், ஸியோலைட்டும் நெடுநாள் உழைக்கும். பெருமுதல் உடையார் அதனைச் செய்து பார்க்கட்டும், யான் தடுக்கேன். ஆயின் இரண்டு மூன்று வாரத்தில் வயலைக் காலி செய்ய வேண்டிய உழவனுக்கு உதவுவது, ஊர்தோறும் நிறுவக்கூடிய எளிய கலமே ஆகும். பரந்து கிடக்கும் பொருளைத் தொலைவிலுள்ள ஓராலைக்குச் சுமந்து செல்லும் செலவே பல திட்டங்களை விழுங்கிவிடும்.

மாணவ நண்பர்காள்! ஒரு கிராம் பொடியைக் கண்ணாடிக் குழாயிலிட்டு, இத்துணை பங்கு பென்ஸீன் கிட்டியது என்று எழுதுதல் ஆராய்ச்சியின் தொடக்கமே. பத்தாம் முறை பயன்படுத்தியபின் அவ்வினையூக்கி என்னாயிற்று என்றும், உள்ளே சென்ற பொட்டாசியம் எங்கே உளது என்றும் கணக்குக் காட்டிய பின்னரே அதனை முடிந்த ஆராய்ச்சி என்று கொள்ளலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. தராசும், மூடிய இரும்புக் கலமும், வெப்பமானியும், சில மண் தொட்டிகளும் நம் கல்லூரியில் அமையாதன அல்ல. கனிமம் சேர்த்த கரியையும் சேராத கரியையும் இடித்துத் தனித்தனித் தொட்டியிலிட்டு நெல்லை விதைத்துப் பாருங்கள். இரசாயனசாலையும் தாவரநூற் பகுதியும் இதிற் கைகோத்தல் வேண்டும். விளைந்த பயனை, அது என் கூற்றுக்கு மாறாயிருப்பினும், அடுத்த ஆண்டு மலரில் வெளியிடுங்கள்.