மின்சேமிப்புக் கடனும் அரச உத்தரவாதமும்

ஸ்காபுரோவிலோ மார்க்கத்திலோ உள்ள தமிழ்ப் பலசரக்குக் கடையொன்றினுள் நுழைபவரை முதலில் எதிர்கொள்வது குளிரூட்டிகளின் இரைச்சலே ஆகும். உறைந்த மீனையும் துருவிய தேங்காய்ப்பூவையும் தாங்கி நிற்கும் அப்பெட்டிகளுட் பல, வேறொரு கடை மூடப்பட்டபோது மலிவு விலைக்கு வாங்கப்பட்டவை. கதவற்ற அடுக்குகளிலிருந்து குளிர்காற்று நடைபாதையில் கொட்டிக்கொண்டிருக்க, அதனை ஈடுசெய்ய இயந்திரம் இரவு பகலாக ஓடுகிறது. இவற்றை மாற்றினால் மின்கட்டணம் குறையும் என்பதை அறியாத கடைக்காரர் இல்லை. மாற்றுவதற்கான பணத்தை எவர் தருவார் என்பதே கேள்வி.

வங்கியின் தயக்கத்திற்குக் காரணம் உண்டு. வாகனம் வாங்கக் கடன் கொடுத்தால், கடன் முறியும்போது வாகனத்தைப் பறித்து விற்கலாம். சுவருக்கு இட்ட வெப்பக்காப்பையும் கூரையிற் பொருத்திய விளக்குகளையும் கழற்றி எவருக்கு விற்பது? சேமிக்கப்பட்ட மின்சாரத்தைப் பறிமுதல் செய்ய முடியாது. ஆகவே வங்கியின் பார்வை கடைக்காரரின் வீட்டின் மீது திரும்புகிறது. வீட்டை ஈடு வைக்க விரும்பாதவர் சீட்டை முன்கூட்டியே எடுக்கிறார், அல்லது கடனட்டையை நீட்டுகிறார். இரண்டு வேலை செய்து வாங்கிய வீடு ஒரு குளிரூட்டிக்காகப் பணயம் வைக்கப்படுவது எவ்வகையிலும் நியாயமானதன்று.

இந்த இடைவெளியை நிரப்புவதற்கான கருவி கனடாவில் ஏற்கெனவே உள்ளது. 1961ஆம் ஆண்டின் சிறுவணிகக் கடன் சட்டத்திற்குப் பதிலாக 1999இல் நடைமுறைக்கு வந்த கனடா சிறுவணிக நிதியளிப்புச் சட்டத்தின் கீழ், கடன் முறிந்தால் வங்கிக்கு ஏற்படும் தகுதியுள்ள இழப்பில் 85 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கிறது. ஆண்டு வருமானம் ஒரு கோடி டொலருக்கு மேற்படாத வணிகங்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். உபகரணங்களுக்கும், வாடகைக் கட்டடத்தில் செய்யும் திருத்தங்களுக்கும் 5 இலட்சம் டொலர் வரை பெறலாம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மாறும் வட்டியாயின், அது வங்கியின் முதன்மை வட்டிவீதத்திற்கு மேல் 3 சதவீதத்தைத் தாண்டலாகாது.

இங்கு ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டியுள்ளது. அரச உத்தரவாதம் என்றவுடன், கடை நொடித்தால் கடனை அரசு கட்டும் என்று சிலர் கருதிவிடுகின்றனர். உத்தரவாதம் வங்கிக்கே உரியது. உபகரணங்களை விற்ற பின்னரும் 20,000 டொலர் இழப்பு எஞ்சுமாயின், அதில் 17,000 டொலரை வங்கிக்கு அரசு கொடுக்கும். கடனாளியின் பொறுப்பு அதனால் அற்றுப்போவதில்லை. வணிகக் கடனுக்குத் தனிப்பட்ட பிணையெழுத்தையும் வங்கி கேட்கலாம். கையொப்பமிடுமுன் அதன் வரம்பைக் கேட்டறிவது கடைக்காரரின் கடமை.

எனினும் இத்திட்டத்தின் பெருங்குறை வேறிடத்தில் உள்ளது. மின்சாரத்தை விழுங்கும் குளிரூட்டிக்கும் அதனைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் குளிரூட்டிக்கும் இது ஒரே கட்டணத்தையும் ஒரே உத்தரவாதத்தையுமே வழங்குகிறது. விலை குறைந்ததே வாங்கப்படுவதில் வியப்பில்லை. பிற நாடுகள் இதனை வேறுவிதமாக அணுகியுள்ளன. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனம் 1997இல் ஹங்கேரியிலும் 2006இல் சீனாவிலும் மின்சேமிப்புக் கடன்களுக்கென்றே தனியான உத்தரவாதங்களை அமைத்தது. சீனாவில் முதலில் இணைந்தது ஒரேயொரு வங்கி. பின்னர் வேறு வங்கிகளும் சேர்ந்தன. அங்கு வங்கிகளுக்கு இழப்பீட்டு உறுதியோடு, ஒரு திட்டம் எவ்வளவு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பதை மதிப்பிடும் பயிற்சியும் வழங்கப்பட்டது. குறையும் கட்டணத்தைக் கடனைத் திருப்பிக் கட்டும் வருமானமாக எண்ண அவ்வங்கிகள் பழகின. கனடிய வங்கி முகாமையாளருக்கு இல்லாதது இப்பழக்கமே.

மின்பாவனையைக் குறைக்கும் உபகரணங்களுக்குப் பதிவுக் கட்டணத்தை நீக்குவது அரசுக்குப் பெருஞ்சுமையாகாது. சேமிப்பைக் கணக்கிடும் எளிய படிவமொன்றை விண்ணப்பத்துடன் இணைப்பதும் அவ்வாறே. வாடகைக் கடைகளைப் பொறுத்தவரை, குத்தகை முடியும் காலத்திற்கும் கடன் முடியும் காலத்திற்கும் உள்ள பொருத்தத்தையும் பார்க்க வேண்டும். இன்றேல் கடைக்காரர் செய்த திருத்தத்தின் பயன் கட்டட உரிமையாளருக்கே போய்ச் சேரும்.

மறுபுறத்தில், விற்பனை முகவரின் வாய்ச்சொல்லை நம்பிக் கடன் எடுப்பதும் ஆபத்தானது. கடந்த 12 மாத மின்பட்டியல்களை, உபகரணம் விற்காத ஒருவரிடம் காட்டி மதிப்பீடு பெற்ற பின்னரே வங்கியை நாட வேண்டும். நட்டத்தில் ஓடும் கடையைப் புதிய குளிரூட்டி காப்பாற்றாது.

இச்சட்டம் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மீளாய்வு செய்யப்பட்டு, அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும் என்று சட்டமே விதித்துள்ளது. தமிழ் வர்த்தக அமைப்புகள் தம் உறுப்பினர்களின் மின்பட்டியல்களையும் மறுக்கப்பட்ட கடன் விண்ணப்பங்களையும் இப்போதே திரட்டத் தொடங்கினால், அடுத்த மீளாய்வின்போது நாடாளுமன்ற உறுப்பினர்களின் முன் வைப்பதற்கு ஆதாரங்கள் கையிலிருக்கும்.