உண்டியலோடு ஓட்டும் கேட்டவர்
பிரையன் லோமாக்ஸ் நினைவாக நார்தாம்ப்டன் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்



நம் கால்பந்து கிளப்பைக் காப்பாற்ற முன்னின்ற பிரையன் லோமாக்ஸ் காலமாகிப் பத்து ஆண்டுகள் கடந்துவிட்டன. 2015 நவம்பர் தொடக்கத்தில், 67 வயதில் அவர் மறைந்தார். அவரோடு பழகியவர்களுக்கு நாங்கள் எதையும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் சனிக்கிழமை பிற்பகல்களில் சிக்ஸ்ஃபீல்ட்ஸ் அரங்கத்துக்கு வரும் இளைஞர்களில் பலருக்கு அந்தப் பெயர் தெரியாது. இந்த ஊரில் இன்று இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறோம். பலர் வேறு ஊர்களிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள். அவர்களுக்காகவும், 1992க்குப் பிறகு பிறந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறோம். அவர் பெயரால் உங்கள் எல்லோரிடமும் சில காரியங்களைக் கேட்கவும் எழுதுகிறோம்.

நாங்கள் நார்தாம்ப்டன் டவுன் கால்பந்து கிளப்பின் நிர்வாக ஆட்கள் அல்ல. எந்தக் கட்சிக்காகவும் பேசவில்லை. டிக்கெட் வாங்கி, மழையிலும் குளிரிலும் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிற ரசிகர்கள்.

நம் அணி 1897ல் பிறந்தது. இந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர்களும் ஒரு வழக்கறிஞரும் கூடிப் பேசித் தொடங்கினார்கள். செருப்பும் பூட்ஸும் செய்து பிழைத்த ஊர் என்பதால் ‘காப்ளர்ஸ்’ என்ற செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது. கவுண்டி கிரவுண்டில், கிரிக்கெட் அணியோடு இடத்தைப் பங்குபோட்டு, மூன்று பக்கம் மட்டுமே ஸ்டாண்டுகள் இருந்த மைதானத்தில் நூறாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஆடினோம். நாலாவது டிவிஷனிலிருந்து படிப்படியாக ஏறி, 1965-66ல் ஒரே ஒரு சீசன் முதல் டிவிஷனில் ஆடிவிட்டு, வந்த வேகத்திலேயே இறங்கினோம். கோப்பைகள் அதிகம் இல்லாத வரலாறுதான். ஆனாலும் நம்முடையது.

1992 ஜனவரியில் அந்த வரலாறு முடிந்துபோகிற நிலை வந்தது. கிளப்பின் கடன் சுமார் 16 லட்சம் பவுண்டு. இரண்டு ஆண்டு வருமானம் முழுவதையும் எடுத்துக் கொடுத்தாலும் அடையாத கடன். வாராவாரம் நுழைவுச்சீட்டு வாங்கி அந்தக் கிளப்பை நடத்திக்கொண்டிருந்த ரசிகர்களுக்கு இது எப்படி வந்தது என்று சொல்வார் யாருமில்லை. கணக்கைக் கேட்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை.

அந்தக் காலத்தில் ஒரு கிளப் நொடித்துப்போனால் ரசிகர்கள் என்ன செய்வார்கள் என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். மைதான வாசலில் நின்று உண்டியல் குலுக்குவார்கள். சேர்ந்த காசைக் கிளப் தலைவரிடம் கொடுப்பார்கள். அவர் நன்றி சொல்வார். அந்தக் காசு எங்கே போனது என்று யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு வருடம் கழித்து மறுபடியும் அதே உண்டியல், அதே வாசல்.

பிரையன் லோமாக்ஸும் அவருடைய தோழர்களும் இந்தப் பழக்கத்தை நிறுத்தினார்கள். ரசிகர் பத்திரிகை நடத்தியவர்களோடு சேர்ந்து அவர்கள் கூட்டிய பொதுக்கூட்டத்துக்கு 600 பேருக்கு மேல் வந்தார்கள். அன்று உருவானதுதான் நார்தாம்ப்டன் டவுன் ரசிகர் டிரஸ்ட். இங்கிலாந்துக் கால்பந்தில் அந்த வகையில் அதுவே முதல் அமைப்பு. அது இரண்டு நோக்கங்களை வைத்துக்கொண்டது. ஒன்று, கிளப்பைக் காப்பாற்றப் பணம் திரட்டுவது, ஆனால் கடனை வளரவிட்ட நிர்வாகத்தின் கையில் அதைக் கொடுப்பதில்லை. இரண்டு, இப்படி ஒரு நிலை இனி வராமலிருக்க, கிளப்பை நடத்துவதில் ரசிகர்களுக்கு உண்மையான இடம் பெறுவது.

இன்று கேட்டால் இது சாதாரணமாகத் தோன்றலாம். 1992ல் இது புதிது. கிளப்பின் மேல் உயிரை வைத்திருக்கிற ஒருவர், அந்தக் கிளப் சாகக் கிடக்கும்போது, “காசு தருகிறேன், ஆனால் கணக்குக் காட்டுங்கள், முடிவெடுக்கிற மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்” என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும். பாசம் அந்த நேரத்தில் கையில் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடச் சொல்லும். லோமாக்ஸ் அந்தப் பாசத்தோடு நிதானத்தையும் சேர்த்தார். எங்களுக்கு அவர் விட்டுச்சென்ற பெரிய பாடம் இதுதான்.

அந்த நிதானம் பலன் தந்தது. ஏப்ரலில் கிளப் நிதி நிர்வாகிகளின் கட்டுப்பாட்டுக்குள் போனது. ஆட்டக்காரர்கள் பலர் வேலை இழந்தார்கள். அப்போது டிரஸ்ட்டிடம் பணமும் இருந்தது, உறுப்பினர்களும் இருந்தார்கள். ஆகவே அதை ஒதுக்கிவிட்டு யாரும் கிளப்பைப் பற்றிப் பேச முடியவில்லை. ரசிகர் பிரதிநிதிகள் இயக்குநர் குழுவுக்குள் வந்தார்கள். உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்து அனுப்பிய இயக்குநராக லோமாக்ஸ் அமர்ந்தார். நாட்டிலேயே அப்படி அமர்ந்த முதல் ரசிகர் அவர்தான் என்று சொல்வார்கள்.

கிளப்பை ஒரே நாளில் காப்பாற்றிவிட முடியவில்லை. அடுத்த சீசனின் கடைசி ஆட்டத்தில் ஷ்ரூஸ்பரியில் தோற்றால் லீக்கை விட்டே வெளியேற வேண்டிய நிலை. இடைவேளையில் 2-0 என்று பின்தங்கியிருந்த அணி 3-2 என்று வென்றது. அதற்கடுத்த 1993-94 சீசனில் கடைசி இடம்தான் கிடைத்தது. மேலே வர வேண்டிய கிடர்மின்ஸ்டர் அணியின் மைதானம் லீக் விதிகளுக்குப் போதவில்லை என்பதால் மட்டுமே தப்பினோம். அந்த இரண்டு ஆண்டுகளும் டிரஸ்ட்டில் இருந்தவர்கள் கூட்டம் கூட்டினார்கள், சந்தா வசூலித்தார்கள், நகர மன்றத்தோடு பேசினார்கள். கைதட்டல் கிடைக்காத வேலை அது.

1994 அக்டோபரில் நகர மன்றம் கட்டிக்கொடுத்த சிக்ஸ்ஃபீல்ட்ஸ் அரங்கம் திறந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு அங்கே ஒதுக்கிய வசதிகள் அன்று மற்ற ஊர்க்காரர்கள் பார்த்து வியந்தவை. இனவெறிக்கு எதிராகவும் சம வாய்ப்புக்காகவும் கிளப் எழுத்தில் கொள்கை வகுத்துக்கொண்டதில் டிரஸ்ட்டின் பங்கு பெரிது. 1911ல் நமக்காக ஆட வந்து, நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடி, பின்பு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியாகி, 1918ல் பிரான்ஸ் போர்முனையில் உயிர்விட்ட கறுப்பின வீரர் வால்டர் டல்லுக்கு 1999ல் அரங்க வளாகத்தில் நினைவுக்கல் எழும்பியது. ரசிகர்கள் நிர்வாகத்துக்குள் போனால் என்ன மாறும் என்று கேட்பவர்களுக்கு இவையெல்லாம் பதில். 1997 மே மாதம் வெம்பிளியில், கூடுதல் நிமிடங்களில், ஜான் ஃப்ரெய்ன் அடித்த ஃப்ரீ கிக் ஸ்வான்ஸியின் வலைக்குள் போய் விழுந்தபோது அங்கே கத்திக் குரல் போனவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் இல்லாமலே போயிருக்க வேண்டிய அணிக்காகத்தான் அவர்கள் கத்தினார்கள்.

தம் ஊர் அணி பிழைத்ததும் லோமாக்ஸ் ஓய்ந்துவிடவில்லை. 2000ல் அரசின் ஆதரவோடு ‘சப்போர்ட்டர்ஸ் டைரக்ட்’ என்ற அமைப்பு தொடங்கியபோது அதற்குத் தலைமை ஏற்றார். நார்தாம்ப்டனில் கற்றதை ஊர் ஊராகக் கொண்டுபோனார். டிரஸ்ட்டை எப்படிப் பதிவு செய்வது, விதிகளை எப்படி எழுதுவது, தேர்தலை எப்படி நடத்துவது என்று சொல்லிக்கொடுத்தார். கூட்டுறவுச் சங்கம் போன்ற அமைப்பு: ஆயிரம் பவுண்டு கொடுத்தவருக்கும் ஐந்து பவுண்டு கொடுத்தவருக்கும் ஒரே ஓட்டு. அந்த வழியில் நூற்றுக்கும் மேற்பட்ட கிளப்புகளில் டிரஸ்ட்டுகள் உருவாயின. தங்கள் கிளப்பை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக அனுமதி கிடைத்தபோது விம்பிள்டன் ரசிகர்கள் 2002ல் சொந்தமாக ஓர் அணியைத் தொடங்கினார்கள். 2003ல் எக்ஸிட்டர் சிட்டி ரசிகர்களின் கைக்கு வந்தது. 2013ல் போர்ட்ஸ்மத் வந்தது. ஊர் கூடித் தேர் இழுப்பது போல அந்தந்த ஊர் மக்கள் தங்கள் அணியை இழுத்து நிறுத்தினார்கள். முதல் வடத்தைப் பிடித்த ஊர் நம்முடையது.

“ரசிகர்களுக்கு வியாபாரம் தெரியுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ரசிகர்கள் கையில் கிளப் இருந்தால் வெற்றி நிச்சயம் என்று நாங்கள் சொல்லவில்லை. போர்ட்ஸ்மத் 2017ல் விற்கப்பட்டது; அதேபோல் ரசிகர்கள் கையிலிருந்த ரெக்ஸம் 2021ல் விற்கப்பட்டது. ஆனால் விற்கலாமா வேண்டாமா என்று ஓட்டுப் போட்டு முடிவெடுத்தவர்கள் ரசிகர்களே. மாறாக, 1885ல் தொடங்கிய பரி கிளப் 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து நீக்கப்பட்டபோது, பல தலைமுறைகளாக அங்கே போய்வந்த குடும்பங்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

நம் ஊரிலேயே இன்னொரு முறை அந்த ஆபத்து வந்ததை மறக்கக் கூடாது. 2015 இலையுதிர் காலத்தில் கிளப்பைக் கலைக்கச் சொல்லி வரித்துறை நீதிமன்றம் போனது. சம்பளம் தாமதமானது. அரங்க மேம்பாட்டுக்காக நகர மன்றம் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் கடன் கொடுத்திருந்தும் கிழக்கு ஸ்டாண்ட் அரைகுறையாக நின்றது. அது நம் வரிப்பணம். அந்த நெருக்கடியின் நடுவில்தான் லோமாக்ஸ் மறைந்தார். கிளப் புதிய கைக்கு மாறியதையும், அதே சீசன் முடிவில் 99 புள்ளிகளோடு லீக் டூ பட்டத்தை வென்றதையும் பார்க்க அவர் இல்லை.

2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. கிளப்புகளின் கணக்குகளைக் கண்காணிக்கத் தனி அமைப்பும், முக்கிய விஷயங்களில் ரசிகர்களைக் கலந்தாலோசிக்க வேண்டிய கட்டாயமும் வந்திருக்கின்றன. 1992ல் ஒரு கூட்டத்தில் வேண்டுகோளாக எழுந்தது இன்று நாட்டின் சட்டத்தில் ஏறியிருக்கிறது. ஆனால் சட்டம் வாய்ப்பைத்தான் தரும். கேள்வி கேட்க ஆள் வேண்டும். நாலு பேர் மட்டும் வரும் கூட்டத்தோடு கலந்தாலோசிப்பது எந்த நிர்வாகத்துக்கும் சுலபம். நானூறு பேர் வந்தால் அதுவே வேறு.

ஆகவே உங்களிடம் கேட்கிறோம்:

ஒன்று. ரசிகர் டிரஸ்ட்டில் உறுப்பினராகுங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வர முடியாவிட்டாலும் பரவாயில்லை. கால்பந்தே பிடிக்காதவராக இருந்தாலும், இந்த அரங்கத்தில் ஊர்ப் பணம் இருக்கிறது என்பதற்காகவாவது சேருங்கள். சேர்ந்த பிறகு ஓட்டுப் போடுங்கள். நேரம் இருப்பவர்கள் தேர்தலில் நில்லுங்கள். பெண்களும் இளைஞர்களும் புதிதாகக் குடிவந்தவர்களும் முன்வர வேண்டும் என்று சிறப்பாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டு. கணக்கைக் கேளுங்கள். கிளப்பின் ஆண்டுக் கணக்கு பொது ஆவணம், யாரும் பார்க்கலாம். கணக்கியல் தெரிந்தவர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறீர்கள். வருடத்துக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, அதை மற்றவர்களுக்குப் புரியும்படி விளக்கிச் சொல்லுங்கள். அணி ஜெயிக்கிற காலத்திலும் இதை விடாதீர்கள். கடன் பெரும்பாலும் யாரும் கவனிக்காத நல்ல காலத்தில்தான் வளர்கிறது.

மூன்று. 1992 கூட்டத்துக்குப் போனவர்களே, உங்களிடம் இருக்கிற நோட்டீஸ், ரசீது, புகைப்படம், ரசிகர் பத்திரிகையின் பழைய இதழ்கள் எதையும் தூக்கிப்போடாதீர்கள். டிரஸ்ட்டிடமோ நூலகத்திடமோ கொடுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் நினைவுகளை உங்கள் குரலிலேயே பதிவு செய்து கொடுங்கள். அன்று முப்பது வயதில் இருந்தவர்களுக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. இந்த வேலைக்குத் தவணை சொல்ல முடியாது.

நான்கு. ஆசிரியர்களே, இந்தக் கிளப்பைத் தொடங்கியவர்களில் பலர் உங்கள் தொழிலைச் செய்தவர்கள். வால்டர் டல்லின் கதையை மாணவர்களுக்குச் சொல்லும்போது லோமாக்ஸின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். சாதாரண மக்கள் கூட்டம் போட்டு, விதி எழுதி, ஓட்டுப் போட்டு ஒரு பொதுச் சொத்தைக் காப்பாற்றினார்கள் என்பது ஜனநாயகத்தைப் பற்றி நம் ஊர் தரக்கூடிய நல்ல பாடம்.

ஐந்து. உள்ளாட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் கிளப் உரிமையாளர்களுக்கும்: ரசிகர்களின் குரலுக்கு நீங்கள் தரும் இடத்தைச் சலுகையாக நினைக்க வேண்டாம். நீங்கள் வருவதற்கு முன்பும் அவர்கள் இருந்தார்கள். நீங்கள் போன பிறகும் இருப்பார்கள். நிலத்தைப் பற்றியோ கடனைப் பற்றியோ எந்த முடிவும் எடுக்கும் முன் அவர்களிடம் பேசுங்கள்.

லோமாக்ஸுக்குச் சிலை வைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ரசிகன் என்றால் காசு கொடுத்துக் கத்திவிட்டுப் போகிறவன் என்று இருந்த நிலையை மாற்றி, அவனும் பொறுப்பாளி என்று காட்டியவர் அவர். அப்படிப்பட்டவருக்குச் செய்யும் மரியாதை அந்தப் பொறுப்பை ஏற்பதுதான். அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு வரும்போது உறுப்பினர் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்று. நிரப்பிக் கொடுத்துவிட்டு, வருகிற பொதுக்கூட்டத்துக்குக் கட்டாயம் வாருங்கள்.

இப்படிக்கு,
நார்தாம்ப்டன் டவுன் கால்பந்து அணியின் ரசிகர்கள்